விராலைத் திரும்ப விட்ட குட்டை

சிங்கப்பெருமாள் கோயிலுக்குக் கிழக்கே எங்கள் நிலத்தின் மூலையில் ஒரு குட்டை உண்டு. கம்பெனி வேன் ஓட்டிவிட்டு நான் சாயங்காலம் திரும்பும்போது என் மனைவி அதன் கரையில்தான் இருப்பாள். மிஞ்சிய சோற்றை உதிர்த்துப் போட்டு, மேலே வரும் மீன்களைப் பார்த்துக்கொண்டிருப்பதில் அவளுக்கு ஒரு பித்து.

ஒரு தை மாதம் ஆறு வாத்துக்குஞ்சுகள் வாங்கிவந்தாள். மூன்றாம் நாள் அவள் கண்ணெதிரிலேயே தண்ணீர் ஒருமுறை சுழித்தது. ஒரு குஞ்சைக் காணோம். விராலின் வேலை. நான் வேனைவிட்டு இறங்குவதற்குள் ஓடிவந்தாள்.

"யோவ், அந்த வெராலு ஒண்ணுகூட உள்ள இருக்கக் கூடாது. சொல்ட்டேன்!"

கோவளத்தில் கடலுக்குப் போகிற சிநேகிதன் ஒருவன் இருந்தான். கோடையில் குட்டை முழங்காலளவு வற்றியதும் வலையோடு வந்தான். சேற்றில் புதைந்துகிடந்த விரால்களைக்கூடத் துழாவி எடுத்தான். "ரெண்டையாவது வுட்டு வெக்கலாம் மச்சான்" என்றான். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் அரிவாள்மணையை எடுத்து வைத்திருந்தாள். அன்றைய குழம்பு அருமை.

அடுத்த மழையில் குட்டை நிரம்பியது. சோறு விழுந்த இடமெல்லாம் தண்ணீர் கொதிப்பதுபோல மீன்கள் மொய்த்தன. அவளுக்கு வாயெல்லாம் பல். ஆனால் அத்தனையும் ஜிலேபி மீன். அதற்கடுத்த வருஷமும் அதே கூட்டம்தான்; விரல் நீளத்துக்கு மேல் ஒன்றும் வளரவில்லை. அடிச்சேற்றைக் கிளறிக் கிளறித் தண்ணீரை டீ நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டன. அல்லிக்கொடி அழிந்தது. அயிரையும் கெண்டைப்பொடியும் கண்ணில் படவில்லை. மழை ஓய்ந்தும் ஒரு தவளை கத்தவில்லை.

"இன்னாய்யா, எல்லாம் ஒரே மூஞ்சியா கீது?" என்றாள்.

"நீதான கேட்ட?"

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமே என்று தோன்றியது.

"ஆமா, நான்தான் கேட்டேன். இப்பவும் நான்தான் கேக்கறேன். வெராலு கொண்டாந்து வுடு."

ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு மீன் மார்க்கெட்டில், தொட்டியில் நீந்திக்கொண்டிருந்த நான்கு விரால்களைத் தேர்ந்தெடுத்தோம். கடைக்காரர் கத்தியை எடுத்ததும் அவள் பதறிக் குறுக்கே கை நீட்டினாள். "வெட்டாதீங்கண்ணா, இதுங்க எங்க வூட்டுக்கு வாழ வருதுங்க!" பைக்கில் என் பின்னால், மடியில் பக்கெட்டோடு உட்கார்ந்தாள். ரயில்வே கேட்டில் நின்றபோது ஒரு விரால் எகிறிச் சாலையில் விழுந்தது. இறங்கி ஓடி, முந்தானையால் அள்ளிவந்தாள். கேட்டில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

குட்டை ஒரே நாளில் மாறிவிடவில்லை. இரண்டு மழைக்காலம் ஆனது. ஜிலேபிக் குஞ்சுகளை விரால் தின்னத் தின்ன, மிஞ்சியவை உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்தன. தண்ணீர் தெளிந்தது. அல்லி துளிர்த்தது. ஏரிக் கால்வாய் வழியாக வந்த அயிரைக்கு இந்தத் தடவை பிழைக்க இடம் கிடைத்தது. தவளைகளும் வந்தன. வாத்துக்குஞ்சுகளை இப்போதெல்லாம் நன்றாக வளரும்வரை வலைக்கூண்டில்தான் வைத்திருக்கிறாள்.

போன மாதம் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். அல்லி இலையோரம் சிவப்புப் பந்துபோல விரால் குஞ்சுகள் திரண்டிருந்தன. அடியில் பெரியது ஒன்று நகராமல் நின்றிருந்தது.

"எப்டி காவல் காத்துகினு கீது பாருய்யா" என்று கிசுகிசுத்தாள். பயந்துவிடப் போகிறது என்று அன்று சோறுகூடப் போடவில்லை.