மீன் எண்ணெய் பூசிய அமெரிக்கக் கார்

எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு பழைய அமெரிக்கக் கார் நிற்கிறது. அதைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே குமட்டும்.

என் கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். இளவயதில் ஏதோ அமெரிக்கத் துறைமுகத்தில் எட்டு சிலிண்டர் கார் ஒன்று உறுமிக்கொண்டு போனதைப் பார்த்தாராம். அந்த உறுமல் அவர் காதை விட்டுப் போகவே இல்லை. கப்பல் போதும் என்று ஊரோடு வந்தவர், சென்னையில் யாரோ ஷெட்டில் போட்டு வைத்திருந்த அதே மாதிரிக் காரைச் சேமிப்பையெல்லாம் வழித்துப் போட்டு வாங்கிவந்தார். ஸ்டியரிங் இடது பக்கம். எங்கள் தெருவில் அது திரும்பாது. ஸ்டார்ட் செய்தால் மாதா கோயிலில் சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிடுவார். யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். யானையாவது நடக்கும், இது ஊர் எல்லையிலிருக்கும் உப்பளத்தைத் தாண்டியதில்லை. போதாக்குறைக்கு, கடற்காற்றில் அடிப்பாகம் துருப்பிடித்து அப்பளமாக உதிர்ந்துகொண்டிருந்தது.

கையிருப்பு கரைந்ததும் அவர் மறுபடி கப்பலேற வேண்டும் என்றானது. அவருக்கு மூட்டுவலி. இன்ஜின் அறையின் செங்குத்து ஏணியில் அந்த முட்டிகளோடு ஏறி இறங்குவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. அப்போதுதான் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் காரைப் பார்க்க வருவதாகச் சொன்னார்.

“ஏளா, இத வித்துட்டா இனி கப்பலுக்கே போவமாட்டேன்” என்றார் கணவர். காருக்குப் பேட்டரி வாங்கப் பக்கத்து டவுனுக்குப் போனார்.

அவர் போன நேரத்தில் என் தம்பி வந்தான். சொந்தமாக வள்ளம் வைத்து மீன்பிடிக்கிறவன். மச்சானுக்கு உதவுகிறானாம். வள்ளத்துக்குப் பூசும் மீன் எண்ணெயை டின்னோடு கொண்டுவந்து காருக்கு அடியில் புகுந்துவிட்டான். வள்ளத்துக்கு உள்ளும் புறமும் பூசுவதுதான் வழக்கம். அதனால் காருக்குள்ளும் பூசினான். கால்மிதி விரிப்பைத் தூக்கி, சீட்டுக்கு அடியில், கதவு இடுக்கில், டிக்கியில், ஒரு இடம் விடவில்லை. நான் சமையலறையிலிருந்து வந்து பார்க்கும்போது டின் காலி.

“அக்கா, உப்புக்காத்துக்கு இத விட்டா மருந்து கெடையாது” என்றான், கையைத் துடைத்துக்கொண்டு.

மறுநாள் வெயிலில் கார் வெந்தது. கோயம்புத்தூர்க்காரர் வந்தபோது தெருப் பூனைகள் எல்லாம் பானட்டின் மேல் உட்கார்ந்திருந்தன. மனிதர் சுத்த சைவம். கதவைத் திறந்தவர் கர்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டார்.

“ஏனுங்க, உள்ள ஏதாச்சும் செத்துக் கெடக்குதுங்களா?”

காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். நாங்களும் எலுமிச்சை, சோப்பு, சாம்பிராணி என்று எல்லாம் பார்த்தோம். சாம்பிராணி போட்டபின் கருவாட்டுக் கடையில் ஜெபக் கூட்டம் நடத்தியது போல நாறியது. எனக்கு அந்தக் கார்மேல் அருவருப்பு, தம்பிமேல் ஆத்திரம், அந்த உறுமலை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்மேல் இரண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். எண்ணெய் வேலை செய்தது. அதற்குப் பிறகு புதிதாக ஒரு புள்ளி துருகூட இல்லை.

கணவர் கப்பலேறிவிட்டார். போன் செய்தால் முட்டி வலியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

“நாத்தம் போச்சா ஏளா? போனா உடனே சொல்லு. வித்துரலாம். நானும் வந்துருதேன்.”

தினமும் காலையில் அந்தக் கதவைத் திறந்து, குமட்டலை அடக்கிக்கொண்டு, தலையை உள்ளே விட்டு மோந்து பார்க்கிறேன். இன்னும் நாறுகிறது.