சுவரில் எழுதியவன்

இலங்கை மன்னாரைச் சேர்ந்த லோறன்ஸ் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வெல்டர். கை நிறையச் சம்பளம், மனைவி மரியமலர், ஒரு மகள் என்று குறையில்லாமல்தான் இருந்தான். கூட வேலை செய்தவன், வாயு வெளியேற்றாமலே இறக்கிவிட்ட எண்ணெய்த் தொட்டிக்குள் கருகிச் செத்தபோது எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். இவனால் முடியவில்லை. ‘இது கொலை’ என்று பட்டறைச் சுவரில் சிவப்புப் பெயின்றால் எழுதினான். அந்த ஊரில் சுவரில் எழுதினால் சிறையும் பிரம்படியும். அடித்த அடியில் தோல் பிய்ந்து சதை தெரிந்தது. பிறகு நாடு கடத்தினார்கள். இலங்கையோ அப்போது பற்றி எரிந்துகொண்டிருந்தது. எப்படியோ ஜெர்மனிக்குத் தப்பி வந்து, ஹனோவரில் ஓர் அகதி விடுதியில் ஒதுங்கினான். மலரும் மகளும் சிங்கப்பூரிலேயே, அவளுடைய அண்ணன் பேனாட் வீட்டில்.

பேனாட் பெரிய வியாபாரி. 1987 சித்திரையில் ஹனோவர் வர்த்தகச் சந்தைக்கு வந்தவர் விடுதிக்கும் வந்தார்.

“செய்தது பிழையெண்டு மன்னிப்புக் கேள், மச்சான். மேலிடத்திலை கதைச்சு உன்னைத் திருப்பி எடுக்கிறன். வாயைத் திறக்காமல் உழைச்சால் நீயும் என்னைப்போல வரலாம்.”

மகளை நினைத்ததும் லோறன்ஸுக்கு நெஞ்சு கரைந்தது. ‘ஓம்’ சொல்ல வாயெடுத்தான்.

ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. பறந்து வந்த கல் அவன் நெற்றியைப் பிளந்தது. வெளியே நாலைந்து மொட்டைத்தலையர்கள். ஒருவன் ‘வெளிநாட்டவனே வெளியேறு’ என்று சுவரில் எழுதிக்கொண்டிருந்தான். லோறன்ஸ் பாய்ந்து அவனை அமுக்கினான். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள்.

பேனாட் விடுதி கூட்டும் தும்புத்தடியைக் கொண்டுவந்து நீட்டினார். “எங்கடை சிங்கப்பூரெண்டால் இவனுக்குப் பிரம்படி. போடு!”

போட்டான். முதுகில், காலில், தலையில். காது கிழிந்து இரத்தம் வழிந்தது. சொல்ல வெட்கம்தான், அடிக்க அடிக்க இனித்தது. அடிபட்டவன் காற்சட்டையோடு மூத்திரம் பெய்து, “அம்மா! அம்மா!” என்று தன் மொழியில் கதறினான். சிறையில் லோறன்ஸும் அப்படித்தான் கதறியிருந்தான். கை தாழ்ந்தது.

“நிப்பாட்டாதை! அடிச்சால்தான் ஊர் உருப்படும். நாங்கள் அப்பிடித்தான் முன்னேறினனாங்கள்.”

அடுத்த அடி பேனாட்டின் வாயில் விழுந்தது. மொட்டைத்தலையன் எழுந்து ஓடினான்.

“இனி மலரை மறந்திடு,” என்று இரத்தத்தைத் துப்பினார் பேனாட்.

“அதை அவள் சொல்லட்டும்.”

அடுத்த கிழமை மலர் தொலைபேசியில் பேசினாள். “அண்ணைக்கு எத்தினை பல்லுப் போச்சுது?” என்றுதான் முதலில் கேட்டாள். அவள் விம்மத் தொடங்கினாள்.

“இஞ்சருங்கோ, எனக்கும் பிள்ளைக்கும் இந்த வீட்டிலை ஒவ்வொரு நாளும் அண்ணையின்ரை அடி விழுகுது. எங்களை எப்பிடியாவது அங்கை எடுங்கோ.”