மார்த்தாள் பந்திக்கு வராத வருஷங்கள்

வெண்ணந்தூருக்குக் கிழக்கே ஒரு நெசவாளர் தெருவில் மார்த்தாள் குடியிருந்தாள். அவளுக்கு வீட்டில் இட்ட பெயர் பாவாயி. 1923இல் அவளும் புருஷன் சின்னானும் ஞானஸ்நானம் பெற்றபோது பெயர் மாறிற்று. அன்று முதல் சொந்தக்காரர்கள் அவள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டுச் சின்னான் காலராவில் இறந்தபோது பிணத்தைத் தூக்க வந்த ஒரே உறவு அவளுடைய அண்ணன் அப்புசாமிதான். அவர் வேதத்துக்கு, அதாவது கிறிஸ்துவ மார்க்கத்துக்கு, வராதவர்.

ஒற்றைத் தறியை ஓட்டிக்கொண்டே மார்த்தாள் பிள்ளைகளைச் சபையில் வளர்த்தாள். உலை வைக்கும்போதெல்லாம் சபையின் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் போட வேண்டும். அதைப் பிள்ளைகள் தங்கள் கையால் போட வேண்டும். அரிசி இல்லாத நாளில் கேழ்வரகு. விளக்கு வைத்ததும் ஜெபம். வசனம் சொல்லாமல் தட்டில் கை வைக்கக் கூடாது. மூத்தவள் ரெபேக்காள் பதினைந்து வயதிலேயே ஞாயிறு பள்ளியில் சின்னக் குழந்தைகளுக்குக் கதை சொன்னாள். இவள் ஊழியத்துக்குப் போவாள் என்று உபதேசியார்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினேழு வயதில் அந்த ரெபேக்காள் ஒரு நாள் தாயின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் தீர்த்தகிரி மச்சானைக் கட்டிக்கறேன்."

தீர்த்தகிரி அப்புசாமியின் மகன். மார்த்தாள் தறியை நிறுத்தினாள்.

"கர்த்தர் மேல உனக்கு என்ன கோவம், கண்ணு?"

"அவரு மேல எனக்கென்னம்மா கோவம்? மச்சான் மேல ஆசை. அவ்வளவுதான்."

மார்த்தாள் அழுது பார்த்தாள். உபவாசம் இருந்து பார்த்தாள். மகளும் அழுதாளே தவிர மனம் மாறவில்லை. தீர்த்தகிரியோ, வேதத்துக்கு வரமாட்டேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான். விஷயம் போதகரிடம் போயிற்று. அவர் நல்ல மனிதர்தான், ஆனால் சபையின் சட்டத்தை மீறத் தெரியாதவர்.

"நீ அந்தக் கல்யாணத்துக்குப் போனால் திருவிருந்தில் சேர்க்க முடியாது, மார்த்தாள். மூப்பர்கள் தீர்மானம்."

"நான் போகலீன்னா அவளுக்குத் தாயாரா யாருங்க நிக்கறது? அப்பனும் இல்லீங்களே."

மார்த்தாள் கல்யாணத்துக்குப் போனாள். பூசை நடக்கும்போது பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். தாலி கட்டி முடிந்ததும் அப்புசாமி அவளைத் தேடி வந்தார்.

"அம்மிணி, உன்ற சாமிகிட்டயும் புள்ளைக்காக ஒரு வார்த்தை சொல்லிப்போடு."

அத்தனை பேர் நடுவில் மார்த்தாள் மகளின் தலையில் கை வைத்து வாய்விட்டு ஜெபித்தாள். சிலர் சிரித்தார்கள். அப்புசாமி திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் அவள் பெயரை வாசித்து விலக்கினார்கள். இனி இவள் இந்தப் பக்கம் வரமாட்டாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவளோ வழக்கம்போல் முதல் மணி அடித்ததுமே வந்து, கடைசிப் பாயில் உட்கார்ந்தாள். திருவிருந்து நாளில் அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் எழுந்து முன்னால் போக, அவள் மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். அவள் மகன், பன்னிரண்டு வயது சத்தியநாதனுக்கு அது பொறுக்கவில்லை.

"நான் இனிமே கோயிலுக்கு வரல. உனக்கு ஏம்மா இந்த அவமானம்?"

"அப்பன் ஊட்டுல ஒரு பந்தியில எலை போடலீன்னா, ஊட்டையே உட்டுப்போட்டுப் போயிருவியா? எந்திரி, தலைய வாரு."

அவன் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். சின்னவள் லேயாள் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு வருஷத்தில் தீரும் என்று எல்லோரும் நினைத்த விலக்கு நான்கு வருஷம் நீண்டது. பழைய போதகர் மாற்றலாகிப் போனார்; வந்தவருக்கு விவரம் தெரியாது; மூப்பர்களுக்கு ஞாபகப்படுத்த மனமில்லை. மார்த்தாளும் போய்க் கேட்கவில்லை. அது வீம்பா தாழ்மையா என்று அவளுக்கே விளங்கவில்லை. ஜெபத்தில் கேட்டுப் பார்ப்பாள். கோபமும் இருந்தது என்பதுதான் அவளுக்குத் தெரிந்தது.

சத்தியநாதனுக்குப் பதினாறு முடிந்ததும், திருவிருந்தில் முதன்முதலாகச் சேருவதற்கான திடப்படுத்தலுக்கு அழைத்தார்கள். மூப்பர்கள் சுற்றியிருக்க, புதுப் போதகர் கேள்விகள் கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான்.

"அப்படியானால் வருகிற ஞாயிறு கர்த்தருடைய பந்தியில் சேர உனக்குச் சம்மதந்தானே?"

"இல்லீங்க ஐயா. எங்கம்மா வராத பந்திக்கு நான் மட்டும் எப்படீங்க வாரது?"

போதகர் மூப்பர்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். முழுக் கதையையும் அன்றுதான் அவர் கேட்டறிந்தார். மறுநாள் காலையில் தாமே மார்த்தாளின் வீட்டுக்கு வந்து, "ஞாயிறு உங்கள் மகனோடு முன்னால் வாருங்கள் அம்மா" என்றார். அந்த ஞாயிறு அவள் மகனின் கையைப் பிடித்துக்கொண்டே போய் அப்பத்தை வாங்கியதாக லேயாள் பின்னாளில் சொல்வாள்.

ரெபேக்காள் சபைக்குத் திரும்பவே இல்லை. மார்த்தாளுக்கு அந்தத் துக்கம் தீரவும் இல்லை. சத்தியநாதன் தறியிலேயே இருந்தான், பிற்பாடு மூப்பரானான். லேயாள் ஆத்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனாள். கிறிஸ்துமஸ் வந்தால் ரெபேக்காள் புருஷனோடும் பிள்ளைகளோடும் தாய் வீட்டுக்கு வருவாள். அவள் வீட்டில் சமையலைப் பார்க்க, ஆராதனை முடியும்வரை தீர்த்தகிரி கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருப்பான். ஒரு வருஷம் அவர்களுடைய மூத்த பெண் பாட்டுச் சத்தத்தைக் கேட்டு எழுந்து கோயில் வாசல் பக்கம் நடந்தாள். தீர்த்தகிரி பார்த்தான், தடுக்கவில்லை. கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்த மார்த்தாள் சற்று நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.