படை முப்பத்தொரு நாள் நிற்குமா?

எங்கள் வீட்டில் நாவல் எழுதுவதற்கு ஒரு விதி இருந்தது. என் கணவரின் தாயான மாமி என் மகளைப் பார்த்துக்கொள்வார். நான் அறைக்குள் போய் எழுதுவேன். பின்னேரம் அவர் பஸ்ஸுக்குப் புறப்பட முன்னர், எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்தக் காலத்து அரசர்கள் புலவர்களை வைத்திருந்ததும் இப்படித்தான் என்றார் என் கணவர். ஒரேயொரு வித்தியாசம், எந்த அரசரும் புலவரின் பிள்ளைக்குப் பம்பர்ஸ் மாற்றியதில்லை.

மாமி மொன்ட்ரியால்-நோரில் தன் மகளோடு இருக்கிறார். நாங்கள் அஹுன்ட்சிக்கில். இரண்டு பஸ் மாறி வருவார், பனி கொட்டினாலும் வருவார். கார்டெரி என்னும் பிள்ளைக் காப்பகத்தில் மகளின் பெயரை அவள் வயிற்றில் இருக்கும்போதே பதிந்துவிட்டோம். அவர்கள் கூப்பிடும்போது அவள் பல்கலைக்கழகம் முடித்திருப்பாள் என்று நினைக்கிறேன். ஆகவே மாமி வந்தால் நாவல் உண்டு, வராவிட்டால் இல்லை. பிள்ளைப்பேற்று விடுப்பு முடிந்து நான் அலுவலகத்துக்குத் திரும்ப முன்னர் எழுதி முடிக்காவிட்டால் அது ஒருநாளும் முடியாது என்பதும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த எத்தனையோ பேர் நாவல் எழுதத் தொடங்கினார்கள். இப்போது எல்லாரும் வீட்டுக் கடன் கட்டுகிறார்கள்.

நாவல் ஒரு சலவைக்காரியைப் பற்றியது. முந்தி, இந்த நாட்டின் எல்லை எது என்று ஒருவருக்கும் தெளிவில்லாத காலத்தில், படைகள் ஆற்றோரமாக மேலும் கீழும் அலைந்தபோது, அவற்றின் பின்னால் பெண்களும் போனார்கள். சிப்பாய்களின் மனைவிமார். உடுப்புத் தோய்த்தார்கள், காயத்துக்குக் கட்டுப் போட்டார்கள், வண்டியில் பிள்ளை பெற்றார்கள். அதற்குக் கூலியாக ஆண்களுக்குக் கொடுப்பதில் பாதி உணவு.

இது எனக்குத் தெரியவந்தது ஒரு கழிப்பறை வரிசையில். புரோசார்ட்டில் ஒரு பிறந்தநாளுக்குப் போகும் வழியில், ஆற்றின் தென்கரையில் இருந்த பழைய கோட்டை ஒன்றைப் பார்ப்போம் என்று கணவர் காரைத் திருப்பினார். மகள் அப்போது வயிற்றில். எனக்குக் குமட்டலோடு சத்தியும் மூத்திரமும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. கழிப்பறைக்கு முன்னால் நீண்ட வரிசை. பக்கத்துச் சுவரில் படையைப் பற்றிய விளக்கப் பலகை. தளபதியின் தொப்பிக்கு ஒரு பந்தி, பீரங்கிக்கு இரண்டு பந்தி, கடைசியில் பெண்களுக்கு ஒரு வரி. கால்களை இறுக்கிக்கொண்டு அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்ற கேள்வி எனக்கு வந்தது. வரலாற்று ஆர்வத்தால் வந்த கேள்வியல்ல, சொந்த அவசரத்தால் வந்தது.

முதல் அத்தியாயத்தை வாசித்து முடித்ததும் மாமி கேட்டார்:

“அவள் ஏன் ஆமிக்குப் பின்னால போறாள்?”

“புருசன் ஆமியில, மாமி.”

“ஆமி வருதெண்டா நாங்கள் முன்னுக்கு ஓடினனாங்கள். ஆமிதான் எங்களுக்குப் பின்னால வந்தது. இவள் என்னடாவெண்டா ஆமிக்குப் பின்னால ஊத்தை உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு போறாள். விசரியே?”

“இது வேற ஆமி மாமி. எத்தினையோ வரியத்துக்கு முந்தினது.”

“ஆமி ஆமிதான்.” கொஞ்சம் யோசித்தார். “புருசனுக்குப் பின்னால போனாள் எண்டு எழுது. ஆமிக்குப் பின்னால எண்டு எழுதாத. சனம் என்ன கதைக்கும்?”

எந்தச் சனம் என்று நான் கேட்கவில்லை. மாற்றி எழுதினேன். நான் நல்ல மருமகள். சின்ன வயதில் நல்ல மாணவி. ஆசிரியர் சிவப்பு மையால் கோடு போட்டால், அந்தக் கோட்டுக்கும் நன்றி சொல்லும் வகை.

நாட்கள் அப்படியே போயின. மாமிக்குச் சலவைக்காரியைப் பிடித்துவிட்டது. “உன்ர வெள்ளைச்சி” என்று தொடங்கியவர், பிறகு “அவள்” என்றார், பிறகு சப்பாத்தைக் கழற்றும்போதே “அவளுக்கு இருமல் சுகமோ?” என்று விசாரித்தார். எங்கள் தேவாலயப் பங்கின் மகளிர் மன்றத்தில் இதைப் போய்ச் சொன்னவரும் அவர்தான். மன்றத்தின் ஆண்டு விழாவில், சின்னப் பிள்ளைகளின் நடனத்துக்கும் குலுக்கலுக்கும் நடுவில், எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினார்கள். அதிலே நாவலின் சிறந்த இடத்தை வாசிக்க வேண்டும்.

சிறந்த இடம் எது என்று எனக்குச் சந்தேகமில்லை. எனக்குச் சந்தேகமில்லாத ஒரே விஷயம் அதுதான். சலவைக்காரி ஓடும் வண்டியில் பிள்ளை பெறுகிறாள். படை ஆற்றைக் கடக்கிறது. நான் மாமிக்கு வாசித்தேன்:

“மூன்றாம் நாள் காலை, குழந்தையைச் சால்வையால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு அவள் ஆற்றில் இறங்கினாள். தண்ணீர் இடுப்பளவு ஓடியது.”

மகளுக்குக் கரட் மசியல் தீத்திக்கொண்டிருந்த மாமி கரண்டியைக் கீழே வைத்தார்.

“என்ன தண்ணி?”

“ஆத்துத் தண்ணி.”

“சுடுதண்ணியோ?”

“மாமி, அது ஆறு.”

“பிள்ளை பெத்து மூண்டாம் நாள். பச்சை உடம்புக்காரி. குளிர் தண்ணியில இடுப்பளவு. நீ படிச்சனியோ இல்லையோ?”

“அவவுக்கு வேற வழியில்லை மாமி. படை போகுது.”

“படை நிக்கட்டும்.”

“படை நிக்காது.”

“ஆர் எழுதிறது? நீதானே? நிப்பாட்டு.”

இலக்கியத்தில் எனக்குப் பட்டம் இல்லை. இருந்திருந்தாலும் இந்தக் கேள்விக்கு அங்கே பதில் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

“அவளுக்குச் சரக்குக் காய்ச்சிக் குடுத்தது ஆர்?” மாமி விடவில்லை.

“ஒருத்தரும் இல்லை.”

“ஒருத்தரும் இல்லையோ! அவ்வளவு ஆம்பிளையள் துவக்கோட நிக்கிறாங்கள். ஒருத்தனுக்கும் மல்லி வறுக்கத் தெரியாதோ?”

சரக்கு பற்றி நான் சொல்ல வேண்டும். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாவற்றையும் வறுத்து அரைத்து, உள்ளிப்பூண்டை அள்ளிப் போட்டு, பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சிக் கொடுக்கும் கறி அது. மகள் பிறந்தது தை மாதம். முப்பத்தொரு நாள் மாமி எங்கள் வீட்டிலேயே நின்று எனக்கு அதைத் தீத்தினார். காதுக்குள் பஞ்சு, இடுப்பைச் சுற்றிச் சேலைத்துண்டு, கொதிக்கக் கொதிக்க வேப்பிலைத் தண்ணீர் வார்ப்பு. வேப்பிலை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யன்னல் திறக்கக் கூடாது, வாசிக்கக் கூடாது, கண் பழுதாகிவிடும். நான் போர்வைக்குள் தொலைபேசியை வைத்து முதல் அத்தியாயத்தை எழுதினேன். இது துடக்கா, தீட்டா என்று ஒருமுறை கேட்டதற்கு, “துடக்குக் கிடக்கெல்லாம் சைவக்காரருக்கு. நாங்கள் வேதக்காரர். எங்களுக்கு உடம்புதான்” என்றார். நாட்கணக்கு மட்டும் இரண்டு சமயத்துக்கும் ஒன்றாக இருந்தது.

அன்று மாமி குளிர் அங்கியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று சொன்னார்:

“முப்பத்தொண்டு கழியாமல் அவளை ஆத்தில இறக்கினியெண்டா, நான் இனி வரேல்லை. சொல்லிப்போட்டன்.”

பகிடிக்குச் சொல்லவில்லை. மாமி பகிடிக்குச் சொல்வது வேறு குரல்.

நான் என்ன செய்தேன்? படையை நிப்பாட்டினேன்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. துவக்கும் பீரங்கியும் கொண்ட ஒரு முழுப் படையை, ஒரு பிள்ளைப்பேற்றுக்காக ஆற்றங்கரையில் முப்பத்தொரு நாள் கூடாரமடித்து இருத்தினேன். முதல் வாரம் தளபதிக்குப் பல்வலி. அடுத்து மூடுபனி. பிறகு குதிரைகளுக்கு வயிற்றோட்டம். பிறகு வண்டிச் சில்லு உடைந்தது, ஒன்றல்ல, எல்லா வண்டியினதும். எதிரிப் படை நாகரிகம் தெரிந்த படையாக அக்கரையில் பேசாமல் காத்திருந்தது. சலவைக்காரி கூடாரத்தில் காதுக்குப் பஞ்சு வைத்துப் படுத்திருந்தாள். அந்த ஆற்றங்கரையில் அவள் மட்டும்தான் சந்தோசமாக இருந்தாள்.

கணவர் வாசித்தார். “சண்டை எப்ப வரும்?”

“முப்பத்திரண்டாம் நாள்.”

“ஆமிக்காரர் அதுவரைக்கும் என்ன செய்யினம்?”

“உடுப்புத் தோய்க்கினம். அவவால ஏலாதெல்லோ.”

அவர் எழும்பித் தேநீர் போடப் போனார்.

மாமி மிகுந்த திருப்தியோடு கேட்டார். “இப்பதான் கதை” என்றார். பிறகு மகளின் சட்டைகளை மடித்துக்கொண்டே, யாருக்கோ சொல்வது போல, “எனக்கு ஒருத்தரும் நிக்கேல்லை” என்றார்.

நானும் ஒரு சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

“உன்ர புருசன் பிறந்து ஒம்பதாம் நாள், ஆமி வருதெண்டு வெளிக்கிட்டது. ஊர் முழுக்க வெளிக்கிட்டது. மழை எண்டா மழை. பாலத்தில சனம் அசையேலாமல் நிண்டது. பிள்ளையைத் துவாயால சுத்தி, மேல ஒரு ஷொப்பிங் பாக்.”

“பயமா இருக்கேல்லையோ மாமி?”

“பயமோ? எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு நிண்டது. அவ்வளவு சனத்துக்குள்ள எங்க குந்திறது? அதைத்தான் யோசிச்சுக்கொண்டு நடந்தனான். உன்ர மாமா வேற. கோழிக்கூட்டைத் திறந்து விட்டனோ இல்லையோ எண்டு வழி முழுக்கப் புலம்பல். நான் பெத்த பிள்ளையைப் பற்றி ஒரு கதை இல்லை. கோழி, கோழி, கோழி.” ஒரு சட்டையை உதறினார். “சரக்கும் இல்லை, ஒண்டும் இல்லை. அதாலதான் இந்த நாரி.”

மாமியின் நாரி, அதாவது அடி முதுகு, எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். குனிந்தால் நோகும், நிமிர்ந்தால் நோகும், பஸ் பிந்தினால் கூட நோகும். எல்லாவற்றுக்கும் காரணம் காய்ச்சாத அந்தச் சரக்கு. நான் அதை எப்போதும் பகிடியாகவே கேட்டிருந்தேன். அன்றும் சிரித்தேன். ஆனால் இரவு, நிப்பாட்டிய படையைத் திரும்ப வாசித்தபோது, குதிரைகளின் வயிற்றோட்டத்தை என்னாலேயே ஏற்க முடியவில்லை.

விழாவுக்கு நான் அந்த அத்தியாயத்தின் இரண்டு வடிவங்களையும், மூன்றாம் நாளையும் முப்பத்திரண்டாம் நாளையும், அச்சடித்துப் பையில் கொண்டு போனேன். முடிவெடுக்கத் தெரியாதவர்களுக்கு அச்சு இயந்திரம் பெரிய உதவி.

கோவிலுக்குக் கீழே மண்டபம். பற்றீஸ் வாசம், பிளாஸ்டிக் கதிரைகள், முன்வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு மாமி. நடனம் முடிந்து, சிறகு கட்டிய பிள்ளைகளை மேடையிலிருந்து இறக்கி, என்னை ஏற்றினார்கள். மைக் எனக்கு உயரம். இரண்டு கட்டுத் தாள்களையும் மேசையில் வைத்துக்கொண்டு நின்றேன். கீழே மாமி, கதிரை சரிவராமல், ஒரு கையால் பிள்ளையைப் பிடித்து மறு கையால் நாரியை அழுத்திக்கொண்டிருந்தார். படை யாருக்காகவும் நிற்காது என்பது அந்த மண்டபத்தில் இருந்த பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர்களுக்கு முன்னால் போய்த் தளபதியின் பல்வலியை வாசிப்பதா?

மூன்றாம் நாளை வாசித்தேன். நாளையிலிருந்து பிள்ளையை யார் பார்ப்பது என்று ஒரு பக்கம் மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. இடையில் ஒன்றைச் சேர்த்தேன். அது தாளில் இல்லை. ஆற்றின் நடுவில், இடுப்பளவு தண்ணீரில், ஒருவருக்கும் தெரியாமல் சலவைக்காரி மூத்திரம் பெய்தாள். அன்று முழுவதும் அவளுக்குக் கிடைத்த ஒரே சுகம் அதுதான்.

பாதர் தன் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார். பின்வரிசையில் ஒரு அன்ரி எழும்பி, “பச்சை உடம்போட ஆத்திலயோ? இதென்ன கதை பிள்ளை!” என்றார்.

மாமி திரும்பினார். பிள்ளையோடு, நாரியோடு, முழுதாகத் திரும்பினார்.

“அப்ப என்ன செய்யிறது? படை நிக்குமே? நீங்கள் வெளிக்கிடேக்க நிண்டதோ? பேசாமல் கேளுங்கோ.”

அன்ரி இருந்துவிட்டார். நான் மிச்சத்தை வாசித்தேன். கடைசிப் பந்தியில் மகள் பாலுக்கு அலறத் தொடங்கியதால் சலவைக்காரி அக்கரை ஏறியது பலருக்குக் கேட்டிருக்காது.

வீடு திரும்பும் வழியில் மாமியை மொன்ட்ரியால்-நோரில் இறக்கிவிட்டபோது, கதவை மெதுவாகச் சாத்தினார். மாமி கதவை அடித்துச் சாத்தினால் கோபம். மெதுவாகச் சாத்தினால் அதற்கு எங்களிடம் விளக்கம் இல்லை.

திங்கட்கிழமை பனி. வழமையான நேரத்துக்கு மாமி வரவில்லை. நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு யன்னலில் நின்றேன். மன்னிப்புக் கேட்டுத் தொலைபேசி எடுப்பதா, எடுத்தால் எதற்கு மன்னிப்பு, மூன்றாம் நாளுக்கா மூத்திரத்துக்கா? ஒன்பதாம் நாள் என்று மாற்றினால் சமாதானமாவாரா, அல்லது இன்னும் மோசமாகுமா? மகள் யன்னல் கண்ணாடியை நக்கினாள். அவளுக்கு அதில் ஒரு குழப்பமும் இருக்கவில்லை.

மணி அடித்தது. மாமி, தொப்பியில் பனியோடு.

“பஸ் சறுக்கிக்கொண்டு நிண்டது” என்றார். சப்பாத்தைக் கழற்றினார், பிள்ளையை என்னிடமிருந்து பறித்தார், ஒரு பையை மேசையில் வைத்தார். வறுத்த மல்லியின் வாசம் வீடு முழுக்கப் பரவியது.

“அக்கரையில ஏறின உடன அவளுக்கு இதைக் காய்ச்சிக் குடுக்கச் சொல்லி எழுது. ஆத்தில இறக்கினது இறக்கிப்போட்டாய்.”

“மாமி, அந்தக் காலத்தில அந்தக் காட்டில மல்லிக்கும் மஞ்சளுக்கும் நான் எங்க போறது?”

“அது உன்ர வேலை. படிச்சனியெல்லோ.” மகளின் மூக்கைத் துடைத்தார். “போ, போய் எழுது. அவள் ஈரத்தோட நிக்கிறாள்.”

அறைக்குள் போனேன். படையோடு ஒரு பலசரக்கு வண்டி போயிருக்கும், அதிலே தளபதியின் இறைச்சிக்கென்று மிளகு இருந்திருக்கும். அதைக் களவெடுக்கலாம். உள்ளி பிரச்சினையில்லை. மஞ்சளுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.