டிக் போட்ட இடமெல்லாம் கையெழுத்து

பாய்லர்காரர் முப்பத்தொரு வருஷம் உழைத்த ஆலையில் யாரும் எந்தக் காகிதத்தையும் படித்ததில்லை. ஷிப்ட் கிளார்க் பென்சிலால் டிக் போட்டுக் கொடுப்பான், அங்கே கையெழுத்துப் போட வேண்டும். அதே பழக்கத்தோடுதான் ஓய்வுபெற்ற மறுவாரம் வங்கிக்குப் போனார். சேமநலநிதியாக வந்த பன்னிரண்டு லட்சத்தை டெபாசிட்டில் போட வேண்டும், மாதாமாதம் வட்டி வர வேண்டும், அதில் வாடகை கட்ட வேண்டும். வேறு வருமானம் கிடையாது.

கண்ணாடி அறையில் டை கட்டியவன் காபி வரவழைத்தான். "டெபாசிட்டை விட நல்ல திட்டம் இருக்கு சார். எங்கப்பாவுக்கே இதைத்தான் போட்டிருக்கேன்" என்றான். பதினோரு டிக். பதினோரு கையெழுத்து.

பத்திரம் தபாலில் வந்தது. தையல் மெஷினை நிறுத்திவிட்டு மனைவி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இது டெபாசிட் இல்லைங்க, இன்சூரன்ஸ். இந்தப் பன்னெண்டு லட்சம் முதல் வருஷத்துக்கு மட்டும்தானாம். இன்னும் நாலு வருஷம் இதே மாதிரி கட்டணுமாம்."

"எதை வித்துக் கட்டுறது?"

"உங்களைத்தான் விக்கணும். யாரு வாங்குவா?"

சிரிப்பு வரவில்லை. அவள் கடைசிப் பக்கம் வரை படித்து ஒரு வரியில் விரலை வைத்தாள்.

மறுநாள் காலை கண்ணாடி அறை.

"லாக்-இன் இருக்கு சார். இப்ப எடுத்தா சரண்டர் சார்ஜ் போயிடும்."

"லாக்-இன்னா?"

"அஞ்சு வருஷம் எடுக்க முடியாது."

"சரண்டர் சார்ஜ்?"

"முன்னாடியே நிறுத்தினா பிடிச்சுக்கிற தொகை."

"ஆக, பூட்டுறதும் நீங்க, தொறக்கக் கூலி கேக்குறதும் நீங்க. சரி தம்பி, பத்திரம் வந்து பதினஞ்சு நாளுக்குள்ள வேண்டாம்னு எழுதிக் கொடுத்தா பணம் திரும்ப வரும்னு போட்டிருக்கே, அதுக்கு என்ன பேரு?"

டைக்காரன் கதவைச் சாத்தினான். "ஃப்ரீ லுக்."

"அந்தப் பேரை மட்டும் ஏன் முழுங்கிட்டே?"

"எனக்கும் டார்கெட் இருக்கு சார்."

"உங்கப்பாவுக்கு நிஜமாவே இதான் போட்டியா?"

டைக்காரன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்ப, பாய்லர்காரர் எழுதிக்கொண்டு வந்த கடிதத்தை நீட்டினார்.

கடிதத்தை வாங்கிக்கொண்டவன் மெயில் வரும் என்றான். முத்திரை குத்திய நகல் இல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று பாய்லர்காரர் நாற்காலியிலேயே இருந்துவிட்டார். மூன்று மணிக்கு முத்திரை விழுந்தது.

பத்தொன்பதாம் நாள், பத்திரத்துக்கான முத்திரைத்தாள் கட்டணம் போகப் பணம் திரும்பியது. மனைவி பெருமூச்சு விட்டாள். அவர் குழாயடிக்குப் போய்க் கை இரண்டையும் சோப்புப் போட்டுக் கழுவினார். கையெழுத்துப் போட்ட அன்று அந்தப் பயலை இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டு வந்திருந்தார்.