குல்ஷனின் ஈரத்தலை

இது கட்டின கதை இல்லீங்க. நம்பாதவங்க போகலாம். 1996, ஆவணி மாசம், செவ்வாய்க்கிழமை. ஓசூர்ல ஒரு கம்பெனி. பட்டப்பகல்ல நடந்தது. ஜோதிமணி தன் வாயால சொன்னது.

கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் ரூம் புதுசா வந்துச்சு. நாள் பூரா திரையில எழுத்துப் படிக்கிற வேலை. இடம் ஒண்ணு. போட்டியில ரெண்டு பேர்: எட்டு வருஷ சர்வீஸ் ஜோதிமணி, நேத்து வந்த, பக்கத்து ஊர் ஜூஜுவாடி குல்ஷன். பெங்களூர்லேர்ந்து ஒரு டாக்டர் வந்தார். தலையில ஒயரை ஒட்டி, திரையில வர்றதை மனசுக்குள்ள படிக்கச் சொல்வார். மிஷின் மூளையைப் படமா வரையும். திணறினா சிவப்பு, லேசாப் படிச்சா நீலம். யார் படத்துல நீலம் அதிகமோ அவளுக்கு வேலை.

குல்ஷன் எதையும் ஒரு பார்வை பார்த்தாலே ஒப்பிப்பா. ஜோதிமணிக்கு வயிறு எரிஞ்சுது. மாடா உழைச்சவ நானு, நாற்காலியில உக்கார்றது இவளா?

முந்தின நாள் டாக்டர் ஜோதிமணிகிட்ட சொன்னார். "எண்ணெய் இருந்தா ஒயர் ஒட்டாது. தலை குளிச்சுட்டு வாங்க. குல்ஷன்கிட்டயும் சொல்லிடுங்கம்மா."

சொன்னா. மாத்திச் சொன்னா.

"நல்லா எண்ணெய் வச்சுட்டு வாடி. மிஷின் சூடு தலைக்கு ஏறாது."

"சரிக்கா."

மறுநாள் 11 மணி. குல்ஷன் தலையில ஒரு ஒயரும் நிக்கலை. வீட்டுக்குப் போய் அலசிட்டு மூணு மணிக்குள்ள வரச் சொன்னார் டாக்டர். அவ ஜோதிமணியைக் காட்டிக்கொடுக்கலை. சிரிச்சுட்டே போனா. அந்தச் சிரிப்பும் பொறுக்கலை இவளுக்கு.

மணி 2.10. ஜோதிமணி முறை. காலையிலேயே சீயக்காய் தேய்ச்சுக் காயவச்ச தலை. கதவைச் சாத்தினாங்க. திரையில எழுத்து ஓடுச்சு.

காதுகிட்ட யாரோ முணுமுணுத்தாங்க... இவ படிக்கிறதுக்கு ஒரு வார்த்தை முன்னாடி.

"சத்தமாப் படிக்காதீங்கம்மா," டாக்டர் சொன்னார்.

ஜோதிமணி வாயே திறக்கலை.

2.14. ஷாம்பு வாசம்...

சொட்.

பின்கழுத்துல தண்ணி.

சொட்... சொட்...

திரும்ப முடியலை.

2.20. மிஷின் நின்னுச்சு. ஒயரைப் பிரிச்ச டாக்டர், "ஈரத்தலையோடவா வந்தீங்க?"ன்னார். படத்தை நீட்டினார். முழுக்க நீலம். பொட்டளவு சிவப்பில்லை. இதை இனி யாரும் மிஞ்ச முடியாது, வேலை ஜோதிமணிக்குத்தான்.

நாலு மணிக்குச் சேதி வந்துச்சு. ஜூஜுவாடி ஹைவேயில லாரி அடிச்சு குல்ஷன் போயிட்டா. லாரி அடிச்சப்போ மணி 1.50. டெஸ்டுக்கு நேரமாச்சேன்னு தலையைக்கூடத் துவட்டாம, முடி சொட்டச் சொட்ட பஸ்ஸுக்கு ஓடினாளாம்.

ஜோதிமணி படத்தையே பார்த்துட்டு நின்னா. அப்பவும் அவளுக்கு முதல்ல வந்தது பொறாமைதான். செத்தும் அவதானே நல்லாப் படிச்சிருக்கா...