இருபத்தொரு அரிவாள்

பழைய இரும்பைக் கப்பலில் அனுப்புகிற ஒரு யார்டில் எனக்கு வேலை. மலை மேல், கோலா தெர்லா என்ற ஊரைத் தாண்டி, காய்கறித் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. இடிந்துபோன பிளாஸ்டிக் கூடாரங்களின் குழாய்கள், ஓடி ஓய்ந்த லேண்ட்ரோவர்கள், தேயிலை ஆலையில் கழற்றிப் போட்ட எந்திரங்கள் எல்லாம் கடைசியில் எங்களிடம்தான் வந்து சேரும். வெட்டி, தரம் பிரித்து, கண்டெய்னரில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்புவோம். எங்கள் சீன முதலாளியைத் தவுக்கே என்று கூப்பிடுவோம். ஏற்றுமதி வேலையில் அவருக்கு அடுத்தபடி நான்தான். ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு அது சாமி கொடுத்த பதவி. அதை ஒரு சாக்குக்குள் போட்டு நானே தொலைக்கப் பார்த்தேன்.

என் மனைவி எஸ்டேட்டில் கொழுந்து வெட்டுகிறாள். குடியிருப்பதும் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில்தான். லயத்துக்கும் தேயிலைக்கும் இடையில், ரோட்டு வளைவில் முனியாண்டி கோயில். பிள்ளை பரீட்சையில் தேறினால், நோய் தீர்ந்தால், காணாமல் போன மாடு திரும்பி வந்தால் அவருக்கு ஒரு இரும்பு அரிவாள் செய்து வைப்பது எங்கள் வழக்கம். கோயிலைத் திருப்பிக் கட்டியபோது, துருப்பிடித்த அரிவாள்களை எடுத்துக் குவித்தார்கள். சாமிக்கு வைத்த சாமானை விற்கக் கூடாது, குப்பையில் போடக் கூடாது, கடலில்தான் சேர்க்க வேண்டும். மலை மேலிருந்து கடலுக்கு யார் போவது?

கோயில் தலைவர் என்னைப் பார்த்தார். "நீதான் கப்பலுக்கு இரும்பு அனுப்புறவனாச்சே. நீ கொண்டு போய்ச் சேத்துடு."

கற்பூரத்தின் மேல் கை வைத்துச் சரி என்று சொன்னேன். இருபத்தொரு அரிவாளை எண்ணிக் கொடுத்தார்கள். சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அன்றைக்கே சோம்பல் பிடித்துக்கொண்டது. கடலுக்குப் போய்வர இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு நாள் லீவு போகும். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. எங்கள் கண்டெய்னர் கடலில்தானே போகிறது? கடலில் விடுவதும் கடலில் அனுப்புவதும் முனியாண்டிக்கு ஒன்றுதானே? கேள்வியை நானே கேட்டு, பதிலையும் நானே சொல்லிக்கொண்டேன். சாமியிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

மறுநாள் கண்டெய்னர் வந்தது. ஏற்றுவதைப் பார்த்துச் சர்ட்டிபிகேட் கொடுக்க ஈப்போவிலிருந்து ஓர் அதிகாரி வருவார். தமிழ் முஸ்லிம், நல்ல மனுஷர், நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். காலிக் கண்டெய்னரை ஒரு படம், பாதி ஏறியதும் ஒரு படம், நிறைந்ததும் ஒரு படம் எடுப்பார். கதிர்வீச்சு இருக்கிறதா என்று ஒரு சின்ன மீட்டரை இரும்பின் மேல் காட்டிக்கொண்டே நடப்பார். மூடிய சிலிண்டர் கூடாது, வெடிபொருள் கூடாது, ஆயுதம் கூடாது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். புது ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். ஆனால் சாமி கும்பிடுகிற எவனுக்கும் முனியாண்டியின் அரிவாள் ஆயுதம் என்று தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

பாதி ஏறியதும் பாய் தேத்தண்ணி குடிக்கப் போனார். நான் சாக்கைத் தூக்கி, தேயிலை ஆலையிலிருந்து வந்த ஒரு டிரம்முக்குள் வைத்து, ஒரு லேண்ட்ரோவர் கதவால் மூடிக் கும்பிட்டேன். "நல்லபடியா போய்ட்டு வாங்க சாமி." போய்ட்டு வாங்க என்று சொன்னதுதான் தப்பு. அவர் அப்படியே செய்தார்.

முக்கால்வாசி ஏறிய நேரம். பாய் திரும்பி வந்து வாசலில் நின்றார். கிரேன் இன்னொரு கட்டு இரும்பை அழுத்த, உள்ளே டிரம் புரண்டது. சாக்குக் கிழிந்தது. மூன்று அரிவாள்கள் சறுக்கிக்கொண்டு வந்து பாயின் பூட்ஸுக்கு முன்னால் விழுந்தன.

"அண்ணே! என்னா இது?"

"இரும்பு, பாய்."

"இரும்புன்னு எனக்கும் தெரியும். செவப்பா ஒட்டியிருக்கே, ரத்தமா?"

"சேச்சே, குங்குமம்."

"அருவாளுக்கு எதுக்குண்ணே குங்குமம்? கல்யாணமா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஏற்றுவதை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். சத்தம் கேட்டுத் தவுக்கே ஆபீசிலிருந்து வந்தார். எங்கள் ஆட்களோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழ் ஒருமாதிரி வரும்.

"என்னா ஆச்சு லா?"

"ஆயுதம் கெடக்கு தவுக்கே. ஒன்னு கண்டாலும் பூராத்தையும் எறக்கிக் காட்டணும். இல்லேன்னா நான் சைன் வைக்க முடியாது."

தவுக்கேயின் முகம் மாறியது. மறுநாள் மதியத்துக்குள் கண்டெய்னர் துறைமுகத்தில் இருக்க வேண்டும். தவறினால் கப்பல் போய்விடும். ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் குழாய்களை இறக்கி மறுபடி ஏற்ற ஒரு நாள் போதாது.

"யார் போட்டது?" என்றார். "போட்ட ஆளு இனிமே வேலைக்கு வரவேணாம்."

அவர் பார்வை கிரேன் ஓட்டும் நேபாளக்காரன் மேல் போய் நின்றது. அவன் பாவம், ஒன்றும் புரியாமல் எனக்கு வணக்கம் சொல்வதுபோல் தலையை ஆட்டினான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவனுக்கு வேலை போகும், கப்பலும் போகும். திறந்தால் எனக்கு வேலை போகும், கப்பல் ஒருவேளை பிழைக்கும். என் பக்கத்தில் மூன்று அரிவாள் கிடந்து என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

"நான்தான் தவுக்கே. கோயில் சாமான். கடல்ல சேக்குறேன்னு சத்தியம் பண்ணி வாங்கினது. இருபத்தொண்ணு இருக்கு. எண்ணி எடுத்துட்டா வேற ஒன்னும் இல்ல."

பாய் கொஞ்சம் யோசித்தார்.

"சரிண்ணே. உங்க வார்த்தைக்காகப் பாக்குறேன். இருபத்தொண்ணும் என் கண்ணு முன்னால வரணும். ஒன்னு கொறைஞ்சாலும் எல்லாத்தையும் எறக்கணும்."

டிரம்மை வெளியே இழுத்தோம். ஒவ்வொன்றாகத் தரையில் அடுக்கினேன். பாய் படம் எடுத்துக்கொண்டே எண்ணினார். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. டிரம் காலி. சாக்கை உதறினேன். காய்ந்த எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு ஓடியது.

"அது ஆயுதம் இல்ல," என்றார் பாய். "அருவா எங்கண்ணே?"

எனக்கு வேர்த்துவிட்டது, அந்தக் குளிரிலும். முந்தின நாள் சாக்கின் வாயைக் கட்டியது நான் இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போன் போட்டேன். எல்லாருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டிவைக்கச் சொன்னார் பாய்.

"ஏ புள்ள, சாக்குல இருந்து ஏதாச்சும் எடுத்தியா?"

"எந்தச் சாக்கு?"

"முனியாண்டி சாக்கு."

"அதத்தான் கடல்ல போடப் போறேன்னு கொண்டுபோனீங்களே?"

"நீ மொதல்ல சொல்லு."

"நீங்க எங்க இருக்கீங்க, அத மொதல்ல சொல்லுங்க."

பாய் போனுக்குக் கிட்டே குனிந்தார். "அக்கா, நான் கண்டெய்னர் பாக்க வந்தவன். அருவா உங்ககிட்ட இருந்தா அண்ணன் பொழைச்சாரு. இல்லேன்னா வேலை போச்சு."

"இருக்குப்பா," என்றாள் உடனே. அப்புறம் என்னிடம், குரலைத் தாழ்த்தி: "தானா ராத்தா ஆஸ்பத்திரில மூச்சு முட்டிக் கெடந்தீங்கல்ல, அப்ப நான் நேந்துக்கிட்டு வச்சது. நீங்க உசுரோட வந்ததுக்கு வச்சதப் போயி கடல்ல போடச் சொன்னா மனசு வருமா? அரிசி டின்னுக்குப் பின்னால வச்சிருக்கேன்."

பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "படம் அனுப்பச் சொல்லுங்கண்ணே" என்றார்.

படம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் எடுத்திருக்க வேண்டும். என் மனைவி நைட்டியோடு, தலையில் துண்டு கட்டி, அரிவாளை ஓங்கிப் பிடித்துக்கொண்டு கேமராவை முறைத்தாள். பாய் படத்தைப் பெரிதாக்கி, பிடியையும் வளைவையும் தரையில் கிடந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இருபத்தொண்ணு. கணக்கு சரி," என்றார். "அக்காவத்தான் ஆயுத லிஸ்ட்ல சேக்கணும் போலருக்கு."

மீதியை ஏற்றினோம். கதவு மூடி, சீல் அடித்து, சீல் எண்ணை நான் உரக்கப் படிக்க அவர் எழுதிக்கொண்டார். சர்ட்டிபிகேட்டில் கையெழுத்து விழுந்தது. லோரி கிளம்பி வளைவில் மறைந்தது.

தவுக்கே என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசை மேல் நான் எழுதிய சரக்குப் பட்டியல் கிடந்தது. அவரும் சாமிக்குப் பயந்தவர்தான். யார்டு மூலையில் அவர் சாமிக்குச் சின்னச் சிவப்புக் குடிசை வைத்து, தினமும் ஊதுபத்தி ஏற்றாமல் வேலை தொடங்க மாட்டார்.

"இதுல என்னா எழுதியிருக்க?"

"கலப்பு இரும்பு, தவுக்கே."

"உன் சாமி கலப்பு இரும்பா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆயுதம் போட்டதுக்கு எனக்குக் கோவம் இல்ல. சத்தியம் பண்ணிட்டு லோரில அனுப்பப் பாத்த பாரு, அதுக்குத்தான். நாளைக்கு நீ வேலைக்கு வராத."

வீட்டில் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அவரே சொன்னார்: "கடலுக்குப் போ. போட்டுட்டு, மறுநாள் வா."

போனேன். இருபது அரிவாளைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறியதைப் பற்றித் தனியாக எழுதலாம். கடற்கரையில் நான் போர்வையைப் பிரித்தபோது, தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் மீன் வாளியைத் தூக்கிக்கொண்டு தூரமாய்ப் போய் உட்கார்ந்தார். கற்பூரம் ஏற்றி, மன்னிப்புக் கேட்டு, ஒவ்வொன்றாக விட்டேன்.

வேலைக்குத் திரும்பியபோது, ஏற்றும்போது நிரப்புகிற படிவத்தின் அடியில் தவுக்கே பேனாவால் புதிதாக ஒரு வரி எழுதி வைத்திருந்தார்: சாமி சாமான் இல்லை. பக்கத்தில் என் கையெழுத்துக்கு இடம். அதற்கப்புறம் ஒவ்வொரு கண்டெய்னரையும் நான் டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் பாய் மீட்டரைக் கையில் எடுப்பார்.

போன மாதம் ஒரு லேண்ட்ரோவரின் டேஷ்போர்டில் சின்னப் பிள்ளையார் ஒட்டியிருந்தார். ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாக நெம்பி எடுத்தேன். பாய் வாசலில் நின்று கேட்டார்: "அண்ணே, அவர் கையில ஆயுதம் ஏதும் இருக்கா?"

அங்குசம் இருந்தது. நான் பிள்ளையாரைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

"கொழுக்கட்டை மட்டுந்தான், பாய்."